எட்டு அடிச் சந்து

மேற்கு மாம்பலத்தில் உள்ள எங்கள் வீட்டுக்குத் தெருவில் முகப்பு கிடையாது. நாற்பதுக்கு அறுபது அடி கொண்ட ஒரு கிரவுண்டு மனையை என் மாமனாரும் அவருடைய தம்பியும் 1978இல் பாகம் பிரித்துக்கொண்டபோது, தெருவை ஒட்டிய பாதி தம்பிக்கும் பின்பாதி மாமனாருக்கும் வந்தன. பின்வீட்டுக்காரர்கள் தெருவுக்கு வந்து போவதற்காக, முன்மனையின் தெற்கு ஓரத்தில் எட்டு அடி அகலமும் முப்பது அடி நீளமுமாக ஒரு பாதை விடப்பட்டது. நாங்கள் அதைச் சந்து என்றுதான் சொல்வோம். நான் மருமகளாக வந்த நாளிலிருந்து அந்தச் சந்து வழியாகத்தான் கல்யாணச் சீர்வரிசையும் காஸ் சிலிண்டரும் பள்ளிக்கூடப் பைகளும் வந்து போயின. எங்கள் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் அதன் அடியில்தான் ஓடுகின்றன. அது யாருடைய நிலம் என்ற கேள்வியை நாங்கள் யாரும் எழுப்பியதில்லை. அந்தக் கேள்வியை முதலிலேயே கேட்டிருந்தால் மூன்று ஆண்டுகள் மிச்சமாகியிருக்கும் என்பதை மிகவும் தாமதமாகத்தான் அறிந்தேன். இதே நிலையில் இருக்கும் குடும்பங்கள் சென்னையில் ஏராளம் என்பதால், நடந்ததை நடந்தபடியே எழுதி வைக்கிறேன்.

சின்ன மாமனார் காலமான பிறகு அவருடைய பிள்ளைகள் 2009இல் முன்வீட்டை வெளியாள் ஒருவருக்கு விற்றார்கள். வாங்கியவருக்கும் எங்களுக்கும் பத்து ஆண்டுகள் எந்த மனக்கசப்பும் இல்லை. 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, தெருவெங்கும் மெட்ரோ வாட்டர் லாரியை எதிர்பார்த்துக் குடங்கள் வரிசையில் நின்ற நாட்களில்தான் அது தொடங்கியது. எங்கள் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற, லாரியின் குழாயைச் சந்து நெடுகப் போட வேண்டியிருந்தது. அந்த மாதம்தான் அவர் புதிதாகக் கார் வாங்கிச் சந்தின் வாயில் நிறுத்தத் தொடங்கியிருந்தார். காரை எடுக்கச் சொன்னேன். "இது என் இடம் அம்மா, நான் காசு கொடுத்து வாங்கின இடம்" என்றார். "நாங்கள் நாற்பது வருஷமாக நடக்கும் வழி சார்" என்றேன் நான். இருவரும் சொன்னது உண்மை என்பதும், இருவர் சொன்னதும் முழு உண்மை அல்ல என்பதும் அப்போது எங்கள் இருவருக்குமே தெரியாது.

அடுத்த சில மாதங்களில் கார் சந்துக்குள் இன்னும் ஆழமாக வந்தது. பிறகு தெருப்பக்கம் இரும்புக் கேட் ஒன்று வந்தது. இரவில் அதற்குப் பூட்டும் வந்தது. சாவி கேட்டால் தருவார், ஆனால் கேட்டுத்தான் வாங்க வேண்டும். 2020 ஜனவரியில் ஓர் இரவு என் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. 108 ஆம்புலன்ஸ் தெருவில் நின்றது. பூட்டைத் திறக்க முன்வீட்டுக்காரரை எழுப்ப வேண்டியிருந்தது. திறந்த பிறகும் காருக்கும் மதிலுக்கும் நடுவே இரண்டரை அடிதான் இருந்தது. ஸ்ட்ரெச்சரை ஒருபக்கமாகச் சாய்த்து, கார்க் கண்ணாடிக்கு மேலாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். மாமியார் வலியில் அலறிய அலறல் இன்றும் என் காதில் இருக்கிறது. அந்த இரவுக்குப் பிறகு இது வாகனம் நிறுத்தும் தகராறாக எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை என் மகன் சுத்தியலோடு நின்றான். பூட்டை உடைத்துவிட வேண்டும் என்பது அவன் எண்ணம். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. என் கணவர் வேலை நிமித்தமாக வெளியூரில் இருந்தார், தொலைபேசியில் அவர் சொன்ன ஒரே வார்த்தை "பொறு" என்பது. பொறுத்தது எவ்வளவு நல்லது என்று பின்னால் வழக்கறிஞர் விளக்கினார். பாதை உரிமை உள்ளவர் அந்தப் பாதையில் போடப்பட்ட தடையைத் தானே நீக்கக் கூடாது என்று 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தில் (வக்கீல்கள் பேச்சில் அது ஈஸ்மென்ட் சட்டம்) 36ஆம் பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. பூட்டை உடைத்திருந்தால், நியாயம் கேட்கப் போகும் நாங்களே சட்டத்தை மீறியவர்களாக நீதிமன்றத்தில் நின்றிருப்போம், கூடவே சேதப்படுத்தியதாக ஒரு காவல்துறைப் புகாரையும் சுமந்திருப்போம்.

காவல் நிலையத்துக்கும் போனோம். புகாரை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். என்னும் புகார் ஏற்பு ரசீது கொடுத்தார்கள், அவரைக் கூப்பிட்டுப் பேசினார்கள், இது சிவில் விவகாரம் என்று சொல்லி முடித்துவிட்டார்கள். அன்று எனக்குக் கடும் கோபம். ஆனால் அவர்கள் கையை விரித்ததற்குச் சட்டத்திலேயே காரணம் இருந்தது. ஒருவர் போகும் வழியை மறிப்பது குற்றம்தான். ஆயினும் தனியார் பாதை ஒன்றை மறிக்கத் தனக்குச் சட்டப்படி உரிமை இருப்பதாக நல்லெண்ணத்துடன் நம்பி ஒருவர் மறித்தால் அது குற்றமாகாது என்ற விலக்கு பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 339ஆம் பிரிவில் இருந்தது. இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 126ஆம் பிரிவிலும் இருக்கிறது. முன்வீட்டுக்காரர் தன் கிரயப் பத்திரத்தைக் காட்டி "இது என் இடம்" என்று சொல்லும்வரை காவல்துறை அதற்குமேல் போவது கடினம். ஆனாலும் அந்த ரசீதை நான் பத்திரமாக வைத்துக்கொண்டேன். எந்தத் தேதியிலிருந்து நாங்கள் ஆட்சேபித்து வருகிறோம் என்பதற்கு அதுவே பிற்பாடு சாட்சியாயிற்று.

வழக்கறிஞரிடம் போகும்போது நான் தயார் செய்துகொண்டு போன வாதம் ஒன்றே ஒன்றுதான்: நாற்பது வருஷமாக நடக்கிறோம், இருபது வருஷம் நடந்தாலே உரிமை வந்துவிடும் அல்லவா? அந்த அம்மாள் நிதானமாகக் கேட்டுவிட்டு, "நடந்ததை விடுங்கள், பத்திரத்தைக் காட்டுங்கள்" என்றார். தாய்ப்பத்திரம் எங்கள் பீரோவில் இருந்தது. யாரும் முழுதாகப் படித்ததில்லை. அவர் மூன்று கேள்விகளை எழுதி என் கையில் கொடுத்தார். பாதையின் மண் யாருக்குச் சொந்தம், இருவருக்கும் கூட்டாகவா, ஒருவருக்கு மட்டுமா? ஒருவருக்கு மட்டும் என்றால், மற்றவர் அதில் போகும் உரிமை பத்திரத்தில் எழுதித் தரப்பட்டதா? எழுதித் தரப்படவில்லை என்றால், அவர் நடந்தது உரிமையாகவா, அனுமதியின் பேரிலா? இந்த மூன்றில் எது என்று தெரியாமலேதான் பாதைச் சண்டைகளில் பெரும்பாலானவை நடக்கின்றன என்று அவர் சொன்னார்.

இருபது ஆண்டு வாதம் நான் நினைத்ததைப் போல எளிதானது அல்ல. ஈஸ்மென்ட் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி, அந்த அனுபவம் வெளிப்படையாக, அமைதியாக, இடையறாமல், உரிமை என்ற முறையில் இருபது ஆண்டுகள் நடந்திருக்க வேண்டும். அதுவும் வழக்குத் தொடுப்பதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் வந்து முடியும் காலமாக இருக்க வேண்டும். அண்ணன் தம்பி உறவில், "எங்கள் வீட்டு வழியாகப் போய்க்கொள்ளுங்கள்" என்ற நல்ல மனத்தில் நடந்த நடையை, அனுமதியின் பேரில் நடந்தது என்று எதிர்த்தரப்பு சொல்லிவிட்டால், நாற்பது ஆண்டும் கணக்கில் வராமல் போகக்கூடும். பின்மனைக்கு வேறு வழியே இல்லை என்ற அவசிய வாதம் ஒன்றும் உண்டு. ஒரு மனையைப் பிரிக்கும்போது பின்பகுதி வழியில்லாமல் அடைபட்டால் 13ஆம் பிரிவு அதற்கு வழி தருகிறது. ஆனால் அந்த உரிமை அவசியம் தீரும்போது தானும் தீர்ந்துவிடும். நாளைக்கே பக்கத்து மனையை நாங்கள் வாங்கி அந்தப்பக்கம் வழி கிடைத்துவிட்டால், 41ஆம் பிரிவின்படி இந்தச் சந்தின் மீதான உரிமை போய்விடும்.

எங்கள் நல்ல காலம், 1978ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் தம்பியின் பங்கை விவரிக்கும் இடத்தில், தெற்கு ஓரம் எட்டு அடிப் பாதையில் "பின்பாகத்தார் என்றென்றைக்கும் நடந்து போகவும் வண்டி வாகனங்கள் ஓட்டிப் போகவும், குழாய்கள் பதித்துக்கொள்ளவும் பாத்தியம்" என்று எழுதியிருந்தது. இப்படி ஆவணத்தில் வழங்கப்பட்ட பாதை உரிமை, அவசியம் தீர்ந்தாலும் தீராது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006இல் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நாற்பது ஆண்டு நடையைவிட அந்த ஒரு வரி கனமானது. அதை எழுதிய பத்திர எழுத்தர் யாரென்று தெரியவில்லை, அவருக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

முன்வீட்டுக்காரருடைய கோபத்தின் வேர் எங்கே இருந்தது என்பதும் அப்போதுதான் புரிந்தது. பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்று எடுத்து, அவருடைய 2009ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரத்துக்குச் சான்றிட்ட நகலும் வாங்கினோம். அதன் சொத்து விவரத்தில் நாற்பதுக்கு முப்பது, 1,200 சதுர அடி என்று இருந்ததே தவிர, பாதையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. விற்றவர்கள் அதை விட்டுவிட்டார்கள், தெரிந்தா தெரியாமலா என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். பாதை மட்டுமே 240 சதுர அடி. வாங்கிய நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தன் விருப்பப்படி பயன்படுத்த முடியாது என்று ஒருவருக்குப் பத்து ஆண்டு கழித்துச் சொன்னால் அவர் எப்படிப் பொறுப்பார்? சட்டம் அவருக்கு இதில் சாதகமாக இல்லை. விற்றவர் தன்னிடம் இருந்ததைவிட அதிகமாக எதையும் விற்க முடியாது. பாகப்பிரிவினை பதிவு செய்யப்பட்ட ஆவணம் என்பதால், வாங்குபவர் அதை அறிந்தவராகவே கருதப்படுவார். ஆனால் அவர் ஏமாற்றுக்காரர் அல்லர், ஏமாந்தவர். இதை உணர்ந்த பிறகு அவருடன் பேசும்போது என் குரல் மாறியது.

மாற வேண்டிய இன்னொன்றும் இருந்தது. பத்திரத்தில் இருந்தது போகும் உரிமை. நிறுத்தும் உரிமை அல்ல. என் ஸ்கூட்டர் பல ஆண்டுகளாகச் சந்தின் உள்முனையில்தான் நின்றது. இரண்டு துளசித் தொட்டிகள், ஓட்டாமல் கிடந்த சைக்கிள், துணி காயப்போடும் கொடி ஆகியவையும் அங்கேயே இருந்தன. மண் அவருடையது, அதன்மேல் கடந்து போவது மட்டுமே எங்களுடையது என்று வழக்கறிஞர் சொன்னபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் காரை எடு என்று சொல்லும் நான் என் தொட்டியை எடுக்கவில்லை. அன்று மாலையே எல்லாவற்றையும் உள்ளே எடுத்து வைத்தோம். பாதை காலியாக இருப்பதைத் தேதி தெரியும்படி படமும் எடுத்தோம். வழக்குக்குப் போக நினைக்கும் எவரும் முதலில் செய்ய வேண்டியது இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அடுத்தது அளவை. தாலுகா அலுவலகத்தில் மனுக் கொடுத்து, கட்டணம் செலுத்தி, நகர நில அளவைப் பதிவேட்டின்படி அளக்கச் சர்வேயர் வந்தார். பத்திரத்தில் எட்டு அடி என்றிருந்த பாதை, தரையில் ஓரிடத்தில் ஏழடி நான்கங்குலம்தான் இருந்தது. அவருடைய பக்கவாசல் படி நான்கங்குலம் நீண்டிருந்தது. மீதி நான்கங்குலம் கோணலாகக் கட்டப்பட்ட பழைய மதிலால் போயிருந்தது. அந்த மதிலைக் கட்டியது எங்கள் மாமனார்.

நோட்டீசும் பதிலும் போய்வந்து, கொரோனா முடக்கத்தில் ஓராண்டு கரைந்து, 2021இல் உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் நகர உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தோம். எங்கள் உரிமையை அறிவிக்கவும், தடை செய்யாதிருக்கவும், கேட்டை நீக்கவும் கேட்டோம். அவரும் எங்களுக்கு எதிராக ஏதேனும் இடைக்கால உத்தரவு வாங்கக்கூடும் என்ற அச்சத்தில் எங்களைக் கேட்காமல் உத்தரவிடக் கூடாது என்று முன்னதாகவே கேவியட் மனு போட்டிருந்தோம். அது தொண்ணூறு நாள்தான் செல்லும் என்பதை மறந்து ஒருமுறை காலாவதியாக விட்டோம், தெய்வாதீனமாகத் தீங்கு எதுவும் நேரவில்லை. நீதிமன்றம் நியமித்த வழக்கறிஞர் ஆணையர் ஒரு சனிக்கிழமை வந்து, இரு தரப்பையும் வைத்துக்கொண்டு அளந்து, படம் வரைந்து, கேட், பூட்டு, குழாய் மூடிகள் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு போனார். சாட்சிகள் பேசுவதற்கு முன்பே அந்த அறிக்கை பாதி வழக்கைப் பேசிவிட்டது. ஆணையர் வரும் நாளில் வாய்ச்சண்டை போடாமல், காட்ட வேண்டிய இடங்களை மட்டும் அமைதியாகக் காட்டுவது நல்லது. அவர் குறிப்பது எல்லாம் கோப்பில் ஏறும். அறிக்கையில் பிழை இருந்தால் ஆட்சேபணை மனு போட வழி உண்டு.

வழக்கு நடந்துகொண்டிருந்த 2021 நவம்பரில் மேற்கு மாம்பலம் மழை வெள்ளத்தில் மிதந்தது. எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். விடியற்காலையில் அவரே கேட்டைத் திறந்துவிட்டு, தன் வீட்டு மோட்டாரைச் சந்தில் வைத்துத் தண்ணீரைத் தெருவுக்கு இறைத்தார். என் மாமியாரை அவருடைய மாடியில்தான் இரண்டு நாள் படுக்க வைத்திருந்தோம். அந்த இரண்டு நாளில் வழக்கைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. ஆனால் அடுத்த வாய்தாவில் சமரசத்துக்கு அனுப்பச் சம்மதமா என்று நீதிபதி கேட்டபோது இரு தரப்பும் ஒரே நேரத்தில் சம்மதம் சொன்னோம்.

அதே வளாகத்தில் தமிழ்நாடு சமரச மற்றும் இணக்க மையம் இயங்குகிறது. நாட்டில் நீதிமன்றத்துடன் இணைந்த சமரச மையங்களில் 2005இல் தொடங்கப்பட்ட இதுவே முன்னோடி. அங்கே மேசைக்கு இருபுறமும் உட்கார்ந்து நான்கு அமர்வுகள் பேசினோம். முதல் அமர்வில் சமரசர் எங்கள் இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார்: காலை ஆறு முதல் இரவு பத்து வரை அந்த எட்டு அடியில் உங்களுக்கு என்ன தேவை, எத்தனை மணிக்கு? காகிதத்தில் எழுதிப் பார்த்தபோது, எங்கள் தேவைகள் ஒன்றோடொன்று மோதிய நேரம் நாளுக்கு அரை மணிகூட இல்லை. அவருக்கு வேண்டியது இரவில் காருக்குப் பாதுகாப்பு. எனக்கு வேண்டியது எந்த நேரமும் ஒரு ஸ்ட்ரெச்சர் தடையின்றிப் போகும் வழி.

உடன்பாடு நீளமானது, அதில் எங்களுக்குப் பயன்பட்ட பகுதிகளை மட்டும் சொல்கிறேன். அவர் தன் முன்வாசல் மதிலில் புதிதாகக் கேட் வைத்துக் காரைத் தன் முகப்புக்குள் திருப்பிக்கொண்டார். சந்தின் கேட் பாதுகாப்புக்காக அப்படியே இருக்கும், ஆனால் அதன் பூட்டுக்கு இரு வீட்டிலும் சாவி இருக்கும், பூட்டை மாற்றினால் அன்றே மறு சாவி தர வேண்டும். சாமான் இறக்க யார் வண்டியும் பதினைந்து நிமிடம் நிற்கலாம், ஓட்டுநர் அருகிலேயே இருக்க வேண்டும். குழாய் பழுதுபார்க்கத் தோண்டுவதாக இருந்தால் மூன்று நாள் முன்னதாக எழுத்தில் சொல்ல வேண்டும், உடைப்பு என்றால் உடனே தோண்டலாம். தோண்டியவர் தன் செலவில் தரையைப் பழையபடி போட்டுத் தர வேண்டும். தரைக்கல் பதிக்கும் செலவு பாதிப் பாதி. அவருடைய படி அப்படியே இருக்கட்டும் என்று நாங்கள் விட்டுக்கொடுத்தோம். எங்கள் கோணல் மதிலை நேராக்க வேண்டும் என்று அவரும் வற்புறுத்தவில்லை. தன் ஏசியின் வெளிப்பெட்டியை, சந்தில் நடப்பவர் தலைக்கு மேல் இருக்கும்படி அவர் உயர்த்திக்கொண்டார்.

இதை இரண்டு வீட்டார் கையெழுத்துப் போட்ட வெறும் தாளாக விட்டிருந்தால், அவர்களில் ஒருவர் வீட்டை விற்கும் நாளில் அது செல்லாக் காசாகியிருக்கும். ஆணையரின் வரைபடத்தை இணைத்து, உடன்பாட்டை நீதிமன்றத்தில் தாக்கல் செய்து, அதன்படியே தீர்ப்பாணை வாங்கினோம். அந்தப் பாதையே வழக்கின் பொருளாக இருந்ததால் தனியாகப் பத்திரம் பதிய வேண்டியிருக்கவில்லை என்று வழக்கறிஞர் சொன்னார். வழக்கே இல்லாமல் பேசி முடிப்பவர்கள் இத்தகைய பாதை உரிமை ஆவணத்தைக் கட்டாயம் பதிவு செய்துகொள்ள வேண்டும். சமரசத்தில் முடிந்ததால், கட்டிய நீதிமன்றக் கட்டணம் முழுவதும் திரும்பக் கிடைத்தது. தமிழ்நாட்டு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 69அ பிரிவு அதற்கு இடமளிக்கிறது. நீதிமன்றத்துக்கு வெளியே தாங்களாகவே பேசி முடித்துக்கொண்டவர்களுக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் உறுதி செய்துள்ளது.

சென்ற ஆண்டு பின்வீட்டை என் மகன் பெயருக்குத் தானசெட்டில்மென்ட் எழுதச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே உள்ள பத்திர எழுத்தரிடம் போனேன். அவர் பழைய நகலைப் பார்த்துக் கணினியில் சொத்து விவரத்தை அடித்துக்கொண்டே வந்து, நான்கெல்லை முடிந்ததும் நிறுத்திவிட்டார். பாதையைப் பற்றி எழுதவில்லையே என்றேன். மனையோடு பாதை உரிமையும் தானாகவே சேர்ந்து வந்துவிடும், தனியாக எழுதத் தேவையில்லை அம்மா என்றார். சட்டப்படி அவர் சொன்னது சரிதான். இருந்தாலும் எழுதச் சொன்னேன், அவர் அடிக்க அடிக்கப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன்: "மேற்படி சொத்துக்குத் தெருவிலிருந்து வந்து போக, முன்மனையின் தெற்கு ஓரத்தில் கிழமேல் முப்பது அடி, தென்வடல் எட்டு அடி அளவுள்ள பாதையில், 1978ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைப் பத்திரத்தின்படியும் நீதிமன்றத் தீர்ப்பாணையின்படியும் நடந்து போகவும் வாகனம் ஓட்டிப் போகவும் குழாய்கள் பதித்துப் பராமரிக்கவும் உள்ள பாத்தியம் சகிதம்." அந்தப் பக்கத்தின் நகல் ஒன்றை எடுத்து, முன்வீட்டுக்காரரிடமும் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் வீட்டையும் அவர் மகள் பெயருக்கு எழுதப் போகிறாராம், அதிலும் இதே வரியைச் சேர்க்கச் சொல்கிறேன் என்றார்.